வெற்றுப் பலூன்கள்

அவர் இன்னும் முதல் கச்சேரியையே தாண்டவில்லை. இங்கே உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிகிறது, கையிலிருக்கும் படக்கதைப் புத்தகத்தின் இடது பக்கம் மெலிசாக இருக்கிறது, வலது பக்கம் கனமாக. செல்வின் எதையும் மெதுவாகத்தான் படிப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கண்டெய்னரை இறக்குவதுபோலத்தான் பக்கத்தையும் திருப்புவார், ஆட்டாமல், அவசரப்படாமல். முதலில் படங்களை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பக்கத்தின் உச்சிக்குப் போய் பலூன்களுக்குள் இருக்கிற பேச்சைப் படிப்பார். என் புருஷன் என்பதால் அச்சிலிருந்து வந்த முதல் பிரதி எப்போதும் அவருக்குத்தான். இன்றைக்கு மட்டும் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்போல் இருக்கிறது. பிடுங்கலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் எதிரே ஜூஸ் கடை, அந்தச் சிவப்பு நாற்காலி. கொஞ்சம் குடுங்க, அதுல ஒரு தப்பு இருக்கு என்று சொன்னால் கொடுத்துவிடுவார், என்ன தப்பு என்றுகூடக் கேட்கமாட்டார். ஆனால் மேஜைக்கு முன்னால் வரிசை நிற்கிறது. "அக்கா, நித்திலா. குறில் நி." எழுதுகிறேன், அன்புள்ள நித்திலாவுக்கு. கீழே ஸ்டெல்லாவின் முகம், சுருட்டை முடிக்கு ஒரு கிறுக்கல், காதில் வளையம், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன் அந்த முகத்தை. "நீங்க உப்பளம் கட்சிதானே அக்கா, எங்க வீட்ல எல்லாரும் உப்பளம்," என்கிறாள் நித்திலா. நான் சிரிக்கிறேன். என் இடது முழங்கை கோமதியின் வலது முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளுகிறாள், நான் போட்டுவிட்டு வாசகரிடம் தள்ளுகிறேன். இப்படித்தான் எங்கள் வேலை. எல்லாமே அவளிடமிருந்து என்னிடம் வரும். கதை, படக்குறிப்பு, திருத்தம். என்னிடமிருந்து அவளிடம் போனது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது யோசிக்கக்கூடாது. அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

பாளையங்கோட்டை மைதானத்துப் புத்தகக் கண்காட்சி, புழுதி, தகர ஷெட், தலைக்கு மேல் சுற்றுகிற பெரிய மின்விசிறி சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. ஒலிபெருக்கியில் காணாமல்போன ஒரு பர்ஸைப் பற்றி அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் துணிப்பதாகையில் பெரிதாக, 'இரண்டு மேடை', கடைசி இதழ் வெளியீடு. அதில் நான் வரைந்த இரண்டு கோஷ்டிகளும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கின்றன. ஸ்டெல்லாவின் உப்பளம், மின்மினியின் தகரக்கூரை. துறைமுக நகரத்து இரண்டு பாப் கோஷ்டிகள், ஒரே தெருவில் பிறந்த இரண்டு பாடகிகள். போட்டி மேடையில் ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்கப் பார்ப்பார்கள், மேடைக்குப் பின்னால் கிதார் கம்பி அறுந்தால் ஒருத்தி மற்றவளுக்குத் தன் கம்பியைக் கழற்றிக் கொடுப்பாள். இது கோமதியும் நானும் தூத்துக்குடியில் பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஆரம்பித்தது. ஆளுக்கொரு கோஷ்டி. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தன் கோஷ்டியின் புதுப்பாட்டைச் சொல்லுவாள், நான் என் கோஷ்டிக்குப் புதுச்சட்டை போடுவேன், யாருடைய கோஷ்டி பெரியது என்று சண்டை, சண்டையின் நடுவில் அவள் டப்பாவிலிருந்து நான் தின்பேன். ஸ்டெல்லா என்னுடையவள். மின்மினி அவளுடையவள். பெரியவர்களாகி, இது அச்சில் வர ஆரம்பித்து, வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்த பிறகும் எங்களுக்குள் அந்தப் பாகப்பிரிவினை அப்படியேதான் இருந்தது. ஸ்டெல்லா பேசுகிறதைக் கோமதிதான் எழுதுவாள், ஆனால் எழுதுமுன் என்னைக் கேட்பாள். ஏட்டி, ஒன் ஆளு இதுக்கு என்ன சொல்லுவா? நான் சொல்லுவேன். அதையே எழுதுவாள். அவள் கேட்காமல் ஸ்டெல்லா இதுவரை வாயைத் திறந்ததில்லை. இல்லை, திறந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மத்தியானம் வரை.

மத்தியானம் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது, மேலே இருந்ததை அவர் கையில் கொடுத்தேன். வழக்கம்போல ஒன்றை உருவிக் கறுப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று புரட்டினேன். பேச்சைப் படிக்கவில்லை, எனக்குத்தான் கதை தெரியுமே. ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், ஒரு வருஷம் பாடக்கூடாது, மின்மினி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், போட்டியில் என் பாட்டையும் நீயே பாடு என்று ஸ்டெல்லா கேட்கிறாள், மின்மினி பாடி ஜெயிக்கிறாள், கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒரே மைக்கில். இப்படித்தான் கோமதி அனுப்பிய கதை. இப்படித்தான் வரைந்தேன். வரையும்போது பலூன்களை வெற்றாக விட்டுவிடுவோம், எழுத்தைப் பிறகு அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். கறுப்பு நன்றாக விழுந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் முகத்தை எனக்கே பிடித்திருந்தது, அதனால்தான் கொஞ்சம் நின்றேன், நின்றதால்தான் கண் பலூனுக்குப் போனது. மூணு மாசம், மின்மினி. யாருக்கும் இன்னும் சொல்லக்கூட இல்ல. அடுத்த பலூன். எல்லாரும் வந்து தேத்துறாங்க. எனக்கு அழுகையே வரல. அவரு டீ வாங்கிட்டு வந்தாரு. அதற்கடுத்த கட்டத்தில் பக்கவாட்டில் ஸ்டெல்லா, கையில் டீ கிளாஸ், தலைக்கு மேல் ஒரு பெரிய பலூன். அந்த டீ நல்லா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. இத யாருகிட்ட சொல்லுவேன். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் செய்தது என்ன தெரியுமா, எழுத்துப்பிழை பார்த்தேன். தேத்துறாங்க, வல்லின று, சரி. பிறகுதான் படக்குறிப்பு நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லா ஆஸ்பத்திரி பெஞ்சில், கையில் டீ கிளாஸ் என்று எழுதியிருந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனவளுக்கு எதற்குச் சூடான டீ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், சரி, கோமுவுக்கு டீ பிடிக்கும் என்று வரைந்துவிட்டேன். அப்போதே தெரிந்திருக்கிறது அவளுக்கு. வரையச் சொல்லும்போதே. என் கையைப் பிடித்து என்னையே வரைய வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, மூணு மாசக் கரு கலைந்த அன்று, நான் அதைச் சொன்னது ஆஸ்பத்திரி மொட்டைமாடியில். துணி காய்ந்துகொண்டிருந்தது, பச்சைத் துணி, ஆபரேஷன் தியேட்டர் துணி. கீழே என் படுக்கையின் ஓரத்தில் மாமியார் பைபிளை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், செல்வின் அவரைத் தேற்றிவிட்டு என்னைத் தேற்ற வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் குடித்தேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோமதி வந்ததும் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போவேன் போலிருந்தது. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் சேலையில் வெயில் வாசனை. அந்தத் தோளை நம்பித்தானே இத்தனை வருஷம் இருந்தேன். அப்போது அந்தத் தோளுக்கு மேலே இருந்த தலை என்ன செய்துகொண்டிருந்தது? கேட்டுக்கொண்டிருந்ததா, எடுத்து வைத்துக்கொண்டிருந்ததா? இரண்டும் ஒரே முகத்தோடுதான் நடக்கும் போலிருக்கிறது. ஏன் நிம்மதியாக இருந்தது என்று எனக்கே தெரியாது. குழந்தை வேண்டாம் என்று நான் நினைத்ததில்லை. பயம் இருந்தது, எல்லாருக்கும் இருக்கிற பயம்தான். அதற்கப்புறம் கரு தங்கவே இல்லை, செல்வின் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதோடு, மாடியில் சொன்னது பாதிதான். மீதிப் பாதி அப்போது நடக்கவே இல்லை. நாலைந்து மாசம் கழித்து மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கப் போனேன், கடைக்காரர் ஒரு டப்பா நிறைய ரப்பர் வளையங்களை மேஜைமேல் கொட்டி, உங்க சைஸ் எதுன்னு பாருங்கம்மா என்றார், எல்லாம் சின்னச்சின்ன வளையம், எதுவுமே என் சைஸ் இல்லை, அழ ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. கடைக்காரர் விலை அதிகம் என்று அழுகிறேன் என நினைத்துக் குறைத்துக்கொண்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கோமதிக்குத் தெரியாது. என்னுடையதை எடுத்தவள் பாதியைத்தான் எடுத்திருக்கிறாள், அந்தப் பாதியை முழுசென்று அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள் எனக்குப் பின்னால்.

"ஏட்டி கோமு," என்றேன், வரிசையைப் பார்த்துச் சிரித்தபடி. "ம்," என்றாள். "ஆஸ்பத்திரிப் பக்கம்." அவள் பேனா ஒரு பெயரின் நடுவில் நின்றது. பிறகு அந்தப் பெயரை எழுதி முடித்தது. "படிச்சிட்டியா?" "நான் வரைஞ்சது தொண்டை ஆபரேஷன்." "ஆமா. அது சரியா வரலட்டி. வெறும் தொண்டைக்கு யாரு அழுவா?" புத்தகம் என் பக்கம் வந்தது. ஒரு கல்லூரிப் பையன், பெயர் இம்மானுவேல், தகரக்கூரை கட்சி, மின்மினியை வரைஞ்சு குடுங்கக்கா என்றான். வரைந்தேன். மின்மினிக்கு நேர்முடி, நெற்றியில் வெட்டு. அவன் போனதும், "எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா," என்றேன். "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கடை பூட்டியிருக்கும் என்று சொல்வதுபோல. பொய் சொல்லுவாள், மறந்துட்டேன் என்பாள், தற்செயலா வந்துட்டு என்பாள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். "அது என்னோடது கோமு." "ஒன்னோடதுதான். ஆனா நீ அத எங்கிட்ட குடுத்துட்டு எறங்கிப் போயிட்ட. அடுத்த வாரம் நீ பாட்டுக்கு வரைய ஒக்காந்துட்ட. நாந்தான் அத வச்சிக்கிட்டு இருந்தேன். எனக்கு அது உள்ளயே கெடந்துச்சு." "அதுக்காக?" "அதுக்காக ஒண்ணுமில்ல. இதுவரைக்கும் எழுதினதுல இது ஒண்ணுதான் நெசம். கடைசி இதழ்லயாவது ஒரு நெசம் வேண்டாமா?" வரிசையில் நின்ற ஒரு தாத்தா பேரனுக்குக் கையெழுத்துக் கேட்டார், கோமதி எழுந்து நின்று இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினாள். எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இப்போதுகூட அவள் நெற்றியில் வழிகிற வியர்வையைத் துடைத்துவிட என் கை துறுதுறுக்கிறது, இந்தக் கையை என்ன செய்வது.

போன வருஷம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எல்லாருக்கும் ஒன் ஸ்டெல்லாவத்தான் பிடிக்குது, எம் மின்மினி வில்லியாயிட்டா. நானும் சிரித்தேன். யாருக்கு ரசிகர் அதிகம் என்று பதிப்பகத்துக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் உப்பளம்தான். எழுதுகிறவள் அவள், ஜெயிக்கிறது என் ஆள். ஸ்டெல்லாவின் வாயில் நல்ல வசனத்தை வைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வீட்டு அரிசியை எடுத்து அடுத்த வீட்டு உலையில் போடுவதுபோல இருந்திருக்குமோ. அதை நான் யோசித்ததே இல்லை. இந்தக் கடைசி இதழில் என்ன நடக்கிறது, ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டு மின்மினி அதையே ஒரு பாட்டாக்குகிறாள், அவளிடம் கேட்காமல், போட்டி மேடையில் பாடுகிறாள், கூட்டம் அழுகிறது, தகரக்கூரை முதல்முறையாக ஜெயிக்கிறது. நான் வரைந்த அதே கூட்டம், அதே கோப்பை, வாய்க்குள் மட்டும் வேறு பாட்டு. தான் செய்ததை அவள் மறைக்கக்கூட இல்லை, மின்மினி செய்வதாக எழுதியே வைத்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். அந்தக் கடைசிப் பக்கம். ஒரே மைக்கில் இருவரும், ஸ்டெல்லா மின்மினியின் தோளில் கைபோட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு மூன்று தடவை வரைந்து கிழித்தேன், நாலாவதுதான் சரியாக வந்தது. தொண்டை குணமாகி வந்தவளின் சிரிப்பு அது. இப்போது அது வேறு சிரிப்பு. தன் துக்கத்தை எடுத்துப் பாடி ஜெயித்தவளை மன்னித்துவிட்டவளின் சிரிப்பு. நான் மன்னித்ததாக என் கையாலேயே வரைந்து கொடுத்திருக்கிறேன். அதில் கோமதி ஒரு எழுத்துக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கத்தில் பலூனே கிடையாது.

அவர் எங்கே. நாற்காலி காலி. இல்லை, இருக்கிறார், நடுவில் யாரோ நின்று மறைத்தார்கள். ஜூஸ் வாங்கிக் கீழே வைத்திருக்கிறார், குடிக்கவில்லை. புத்தகம் இரண்டு பக்கமும் சரிபாதியாக இருக்கிறது. "அவரு படிக்காரு," என்றேன் கோமதியிடம். அவள் நிமிர்ந்து ஜூஸ் கடையைப் பார்த்தாள், அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகம் மாறியது. "அண்ணனுக்குத் தெரியாதா?" "தெரியாது." "ஏட்டி, நீ பொறவு சொல்லியிருப்பன்னுல்லா நெனச்சேன்." உண்மையாகத்தான் நினைத்தாளா? முப்பது வருஷமாகத் தெரிந்த முகம், அதில் எந்தக் கோடு பொய்க்கு, எந்தக் கோடு பயத்துக்கு என்று எனக்குத் தெரியும், நான் வரைகிறவள். ஆனால் இப்போது பார்த்தால் தெரியவில்லை. பழகிய தெருவில் விளக்கு போய்விட்டதுபோல் இருக்கிறது. அவள் எழுந்தாள். "நான் போயி பேசுதேன்." "ஒக்காரு." "ஜெசி..." "ஒக்காருன்னு சொன்னேன்." உட்கார்ந்தாள்.

அப்போது ஒரு அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும், கைத்தறிச் சேலை, ஒரு கையில் சமையல் புத்தகம், மற்ற கையில் எங்கள் இதழ், விரலை நடுவில் வைத்துப் பிடித்திருந்தார். அந்த விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. "எம் பொண்ணுக்காக வாங்க வந்தேன். சும்மா பெரட்டுனேன், அங்க நின்னே படிச்சிட்டேன்," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு ரெண்டு தடவ இப்படி ஆச்சு. ரெண்டாந்தடவ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யாருகிட்டயும் வாயத் தெறக்கல. நான் மட்டுந்தான் இப்படிப்பட்ட பொம்பளன்னு நெனச்சிட்டிருந்தேன்." கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" கோமதி என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கையை உதறவும் இல்லை. "எழுதும்போது வந்துச்சும்மா," என்றாள் மெல்ல. நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. என் பக்கம் திரும்புங்கள், அந்தக் கையை இங்கே கொடுங்கள், அது எனக்கு வரவேண்டிய கை. சொன்னால் என்ன ஆகும், இந்தத் தகர ஷெட்டில், வரிசைக்கு முன்னால், நான்தான் அந்தப் பொம்பளை என்று சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் அது கோமதியுடையது. என்னுடைய பொருளை என்னுடையது என்று கேட்க முடியாதபடிதான் எடுத்திருக்கிறாள். அந்த அம்மா போகும்போது என்னைப் பார்த்து, "படமும் நல்லா இருக்கு," என்றார். நன்றி சொன்னேன். ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் கோமதிமேல்கூட இருக்கவில்லை, பிறகு வெட்கமாகப் போயிற்று. அவருக்கு இன்றைக்கு இரவு கொஞ்சம் தூக்கம் வரும். வரட்டும். ஆனால் அந்தத் தூக்கத்தை ஏன் என்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும்.

அவர் நிறுத்திவிட்டார். பக்கம் திரும்பவில்லை. குனிந்திருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு உச்சிக்குப் போயிருப்பார். மூணு மாசம், மின்மினி. அங்கேதான் இருப்பார் இப்போது. இல்லை, டீக்கு வந்திருப்பார். யாராவது அவர்மேல் மோதினால் நன்றாயிருக்கும், ஜூஸ் கொட்டினால் நன்றாயிருக்கும். ஒருவேளை அவருக்குத் தோன்றாமலே போகலாம், ஆண்களுக்கு இதெல்லாம் நினைவிருக்குமா, எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை டீ. அப்படி நினைக்கும்போதே தெரிகிறது, அவருக்கு நினைவிருக்கும். என் மாமியார் இறந்த அன்று எந்த கிரேனில் இருந்தேன், என்ன சரக்கு என்பதுவரை சொல்லுகிறவர். நிமிர்ந்தார். என்னைப் பார்க்கப்போகிறார் என்று நான் உடனே குனிந்து யாருக்கோ ஸ்டெல்லாவின் முடியை வரைந்தேன், வரைந்துகொண்டே இருந்தேன், முடி முகத்தையே மூடிவிட்டது. மறுபடி பார்த்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தார். அதற்கடுத்ததையும். மீதியையும் அதே நிதானத்தில், படம், பிறகு பேச்சு, எதையும் விடாமல் முடித்தார். பாதியில் மூடி வீசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வரிசை கரைந்துகொண்டு வந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் அவர் நின்றார், வாசகரைப்போல, இரண்டு கையிலும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு. முறை வந்ததும் அதைக் கோமதியின் முன்னால் வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அண்ணே," என்றாள் கோமதி, "அது கதைதான்." செல்வின் அவளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவளுக்கு மீன் துண்டு எடுத்து வைக்கும்போது பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். "கதை நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு என்னிடம், "முடிஞ்சுதா? போவமா?" நான் பேனாவை மூடினேன். கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, நாளைக்குக் கூப்பிடுதேன்." "கூப்பிடாத." "கோவத்துல சொல்லாத." "கோவம் இல்ல கோமு. நீ கூப்பிட்டா நான் எதாவது பேசிருவேன்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. இனிமேல் இவளிடம் பல்வலி என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கையை எடுத்தாள். அவள் கண் நிறைந்தது, அது எந்தக் கண்ணீர் என்று நான் பார்க்கவில்லை. வேண்டாம்.

வண்டி நிறுத்துமிடம் வரை அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வெயில் சாய்ந்துவிட்டது, பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகத் தாண்டிப் போனார்கள். "ஆஸ்பத்திரி கேன்டீன்லதான் வாங்குனேன் அந்த டீய," என்றார், திரும்பாமல். "சீனி சாஸ்தின்னு நெனச்சேன்." "நல்லா இருந்துச்சு," என்றேன். "சரி." கொஞ்ச தூரம் நடந்தோம். "அதுல எனக்கு ஒண்ணும் இல்ல ஜெசி. பயந்துருப்ப. மனசு எப்படியும் போகும்." என் கண்ணில் நீர் முட்டியது, ஆறு வருஷமாக இதற்காகவா பயந்தேன், இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று. அவர் நின்றார். "ஆனா கோமதிக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அண்ணே அண்ணேன்னு சாப்புட்டுப் போகும்போதெல்லாம் தெரியும். நான் எங்க அம்மைக்கு ஆறுதல் சொன்னது, ஒனக்கு டீ வாங்கிட்டு வந்தது, எல்லாம் அந்தப் பிள்ள கண்ணுக்கு என்னவாத் தெரிஞ்சிருக்கும்? எனக்கு மட்டுந்தான் தெரியல." நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேடிய சொற்கள் இவை. கேட்டிருக்கலாம்லா என்று நான் அவளிடம் சொன்னதைத்தான் அவர் வேறு மாதிரி என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளை வைத்த இடத்தில் நானும் நிற்கிறேன், முழங்கை இடிக்க இடிக்க. "பொறவு அழுதேங்க," என்றேன். "மிக்ஸிக்கு வாஷர் வாங்கப் போன கடையில. ரொம்ப நேரம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "அது புத்தகத்துல இல்லியே." "அது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றியது.

வண்டியை எடுத்து, துடைத்து, ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டார். நான் பின்னால் ஏறினேன். கிளப்பவில்லை. கண்ணாடியைச் சரிசெய்கிறார், அது சரியாகத்தான் இருக்கிறது. "நான் ஒரு பேரு வச்சிருந்தேன்," என்கிறார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "அந்த மூணு மாசத்துல. கிரேன்ல மேல தனியாத்தான இருப்பேன், அங்க ஒக்காந்து சொல்லிப் பாத்துக்கிடுவேன். இப்பவும் எப்பவாவது சொல்லுவேன்." அவர் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கிறது. அந்த உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே கப்பல்களும் லாரிகளும் போய்வர, ஒரு மனிதர் ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். நான் ஒருநாளும் வரையாத படம். "என்ன பேருங்க?" என்கிறேன். வண்டி உறுமுகிறது. "அதச் சொல்லமாட்டேன்," என்கிறார். குரலில் கோபம் இல்லை, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லுவதுபோலத்தான் சொல்லுகிறார். "சொன்னா நீ கோமதிகிட்ட சொல்லிருவ." இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், புழுதியும் காற்றும் வாய்க்குள் போகின்றன. மைதானம் பின்னால் போகிறது, பாலம் போகிறது, தூத்துக்குடிச் சாலையின் இருபுறமும் உடைமரங்கள் போகின்றன. பெண் பேரா, ஆண் பேரா என்றாவது கேட்கலாம். வல்லநாடு வந்து போகிறது. நான் கேட்கவில்லை.